யாபெட்டஸ் ஜப்பான்காரன் அல்லன்: வண்ணத்துப்பூச்சிகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சூட்டிய தமிழ்ப் பெயர்களை வகுப்பறையிலும் வெளியிலும் நாள்தோறும் பயன்படுத்தும் ஆசிரியன் நான். ஸ்கிப்பர் எனப்படும் தாவி வண்ணத்துப்பூச்சிகளின் அறிவியல் பெயர்களில் உள்ள கிரேக்கத் தொன்மப் பெயர்களைத் தமிழில் எப்படிக் கையாள்கிறோம் என்ற ஒன்றைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் மாணவர்களை ஒரு பூங்காவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். காட்டுவள்ளிக் கொடிக்கு ஒரு தாவி விருட்டென வந்து, இலையின் அடியில் புகுந்து, இறகுகளைச் சப்பையாக விரித்து ஒட்டிக்கொண்டது. பறக்கும்போது பளிச்சிட்ட பின்னிறகின் வெண்மை இலையோடு மறைந்துவிட, குனிந்து பார்த்த பிள்ளைகளுக்குக் கரும்பழுப்பான மேற்புறமும் சில கண்ணாடிப் புள்ளிகளுமே தெரிந்தன. அருகிலிருந்த பலகையில் 'டாகியாடெஸ் ஜாபெட்டஸ்' என்ற பெயரும், ஜப்பானில் முதலில் காணப்பட்டதால் வந்த பெயர் என்ற விளக்கமும் இருந்தன. "அப்படியானால் இது இங்கே எப்படி சார் வந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

பலகையின் விளக்கம் தவறு. அதில் 'ஜாபெட்டஸ்' என்று எழுதப்பட்டிருந்த யாபெட்டஸ், கிரேக்கத் தொன்மத்தில் வரும் மூத்த தெய்வக் குலமான டைட்டன்களில் ஒருவன். விண்ணைத் தோளில் தாங்கும் அட்லஸுக்கும் மனிதருக்கு நெருப்பைத் தந்த புரொமீதியஸுக்கும் தந்தை. 1781-இல் பூச்சியியலாளர் ஸ்டோல் இந்தத் தாவிக்கு அவன் பெயரை வைத்தபோது, இலத்தீன் வழக்கப்படி முதலெழுத்தை 'ஜே' என எழுதினார். வானியலாளர் காசினி 1671-இல் கண்டறிந்த சனிக்கோளின் துணைக்கோளுக்கும் இதே பெயர்தான். அங்கு முதலெழுத்து ஆங்கில 'ஐ' (I). எழுத்து வேறாக இருந்தாலும் பெயர் ஒன்று. நாம் பூச்சியை 'ஜாபெட்டஸ்' என்றும் துணைக்கோளை 'இயாபெட்டஸ்' என்றும் எழுதுவதால் அந்த உறவு அறுந்துபோகிறது. அறுந்த இடத்தில் ஜப்பான் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இரண்டையும் 'யாபெட்டஸ்' என எழுதுவதே என் முதல் வேண்டுகோள்.

அதற்காக, அந்தத் துணைக்கோளின் ஒரு பாதி இருண்டும் மறுபாதி வெளுத்தும் இருப்பதையும், நம் தாவியின் மேற்புறம் கறுத்தும் பின்னிறகின் அடிப்புறம் வெளுத்தும் இருப்பதையும் முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். எனக்கே அந்த ஆசை வந்தது. ஆனால் துணைக்கோளுக்கு அப்பெயரை வானியலாளர் ஜான் ஹெர்ஷல் முன்மொழிந்தது 1847-இல், அதாவது பூச்சி பெயர் பெற்றுப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு.

இப்பெயர்கள் பூச்சியின் இயல்பைச் சொல்வதற்காக வைக்கப்பட்டவை அல்ல என்பதற்கு இருசொல் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸின் 1758-ஆம் ஆண்டுப் பட்டியலே சான்று. பெரிய வண்ணத்துப்பூச்சிகளை, ஹோமர் காவியத்தின் டிராய் போரை நினைத்து வீரர்கள் என வகுத்த அவர், மார்பில் குருதிநிறப் புள்ளி உடையவற்றை டிராய் நாட்டவராகவும், அது இல்லாதவற்றைக் கிரேக்கராகவும் பிரித்தார். தாவிகளுக்குப் போர்க்களத்தில் இடமில்லை. அவை 'நகரவாசிகள்' என்ற பெயரில் பாமரர் வரிசையில் வைக்கப்பட்டன. பின்வந்தவர்கள் காவியப் பெயர்களை அந்தப் பாமரருக்கும் வாரி வழங்கினார்கள். அதனால் டிராய் மன்னன் பிரியாமின் குடும்பம் உலகெங்கும் சிதறிக் கிடக்கிறது: பிரியாமஸ் மொலுக்கத் தீவுகளின் பறவைச்சிறகியாக இருக்கிறான்; மகன் ஹெக்டர் சிவந்த உடலோடு நம் ஆடுதின்னாப்பாளையில் வளர்கிறான்; இன்னொரு மகனான பொலிட்டெஸின் பெயர் நம் கறிவேப்பிலைச் செடியில் முட்டையிடும் பூச்சிக்கும், அமெரிக்கத் தாவிப் பேரினம் ஒன்றுக்கும் வாய்த்திருக்கிறது. ஹெக்டரைக் குறிவைத்த அம்பை மார்பில் வாங்கி, மழையில் நனைந்த கசகசாக் காய்போல் தலைசாய்ந்து இறந்த கோர்கிதியோனின் பெயரோ, நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் திரியும் சின்னஞ்சிறு தாவிப் பேரினம் ஒன்றுக்குப் போய்விட்டது. அந்தப் பூச்சிகளுக்கும் அம்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பெயர் பொருந்தவில்லை என்பதற்காக அதை நீக்க முடியாது என்று விலங்கியல் பெயரிடல் விதிகளே சொல்கின்றன. பேரினப் பெயர் விலங்குலகில் ஒருமுறைதான் வரலாம். சிற்றினப் பெயர் வெவ்வேறு பேரினங்களில் எத்தனை முறையும் வரலாம். இதனால் விளையும் குழப்பத்திற்குப் புரோட்டியஸ் நல்ல எடுத்துக்காட்டு. வடிவம் மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் கடல் முதியவன் பெயரில், நீண்ட வாலுள்ள அமெரிக்கத் தாவி உர்பானஸ் புரோட்டியஸ் இருக்கிறது. ஐரோப்பியக் குகைகளில் வாழும், பல்லி போன்ற நீர்நில வாழ்வி ஒன்று இருக்கிறது. நெப்டியூனின் துணைக்கோள் இருக்கிறது. தனி விதித்தொகுப்புக்கு உட்பட்ட பாக்டீரியா ஒன்றும் இருக்கிறது. ஆகவே 'புரோட்டியஸ்' என்று மட்டும் எழுதினால் எதைச் சொல்கிறோம் என்பது வாசகருக்கு விளங்காது. இடம் மிச்சமாகும் என்று பலகைகளிலும் கையேடுகளிலும் பாதிப் பெயரை அச்சிடும் வழக்கத்தை அருள்கூர்ந்து கைவிடுங்கள். பேரினமும் சிற்றினமும் எப்போதும் சேர்ந்தே வரட்டும்.

கிரேக்கப் பெயர் அயல் என்பதால் ஒதுக்கிவிடலாம் என்பாரும் உண்டு. ஆங்கிலேயப் பூச்சியியலாளர் ஃபிரெடெரிக் மூர் நம் தாவிகளுக்கு இந்திராணி, அம்பரீசன் என்ற புராணப் பெயர்களை வைத்தார். அவையும் பூச்சியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நமக்குப் பழகியவை என்பதால் காதில் இனிக்கின்றன, அவ்வளவுதான்.

பூச்சியைப் பற்றிச் சொல்லும் பொறுப்பு தமிழ்ப் பெயருக்கு உரியது. கங்காரா தைர்சிஸ் என்பதில் உள்ள தைர்சிஸ், கிரேக்க முல்லைப் பாட்டில் வரும் ஆட்டிடையன். அந்தத் தாவியோ அந்திக் கருக்கலில் பறப்பது, சிவந்த கண்ணுடையது. அதன் புழு மெழுகு இழைகளால் வெள்ளை வெளேரென மூடிக்கொண்டு தென்னங்கீற்றைச் சுருட்டி உள்ளே கிடப்பது. அதை 'தென்னைச் செங்கண்ணன்' என்றால் தோப்புக்காரருக்கும் உடனே பிடிபடும். அதுபோல, காட்டுவள்ளி இலையை வெட்டி மடித்துப் புழு குடியிருக்கும் நம் யாபெட்டஸுக்கு 'வள்ளியிலைத் தாவி' என்ற பெயரை உங்கள் ஆய்வுக்கு முன்வைக்கிறேன்.

பூங்காப் பலகை இன்னும் மாற்றப்படவில்லை. நிர்வாகத்தினரிடம் பேசினேன், திருத்திய வாசகத்தைக் கொடுத்தால் மாற்றி எழுதுவதாகச் சொன்னார்கள். தமிழ்ப் பெயரை நீங்கள் முடிவு செய்து தெரிவித்தால் அதையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிடுவேன். அடுத்த மழைக்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தாவிகளைப் பார்த்துவரும் ஓர் ஆசிரியன்