ஆத்தங்குடிப் பட்டறை அண்ணனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பட்டறையில் தரைக்குப் பதிக்கிற பூக்கல்லுக்குச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தவர் குடி மறுவாழ்வு மையத்திலிருந்து வீடு திரும்பிவிட்டார். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார். "முழுசா சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று நீங்கள் சொல்லி அனுப்பினீர்களாம். அண்ணே, வேலை இருந்தால்தான் அவர் முழுசாகச் சரியாவார்.

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மருந்துக்கு டாக்டர் இருக்கிறார், மனசுவிட்டுப் பேச கவுன்சிலர் இருக்கிறார்; எழுந்ததிலிருந்து படுக்கிற வரை அவர் பொழுது எப்படிப் போகிறது என்று பார்த்துச் சீர்படுத்துவது என் பொறுப்பு. முன்பெல்லாம் காசு புரட்டுவது, மதியம் 12 மணிக்கு டாஸ்மாக் திறக்கக் காத்திருப்பது, கூட்டாளிகளோடு உட்காருவது என்று நாள் முழுக்கக் குடியைச் சுற்றியே ஓடியது. குடி போனதும் அந்த நேரமெல்லாம் சும்மா கிடக்கிறது, அதுதான் ஆபத்து. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அவருக்குப் பெரும்பாடு. அதனால் ராத்திரிச் சாப்பாட்டை அவரிடமே விட்டிருக்கிறோம். இடியாப்பம் நன்றாகவே பிழிகிறார்.

கை நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் தூக்கம் இன்னும் சரியில்லை, கவனம் சீக்கிரம் சிதறுகிறது, பாதத்தில் எரிச்சல் இருக்கிறது. நெடுங்காலம் குடித்தவர்களுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் தேறும். எடுத்த எடுப்பில் கண்ணாடியில் அச்சு வைத்துப் பூப்போட விடாதீர்கள், ஒரு கல் கெட்டாலும் நொந்துபோவார். முதலில் தொட்டியிலிருந்து எடுத்த கல்லைத் துடைத்து அடுக்கட்டும், அரை நாள் போதும். பிறகு சிமெண்ட் பூச்சு, கடைசியில் சாயம். எப்போது மாற்றலாம் என்பதை நானும் வந்து பார்க்கிறேன். உட்கார ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுங்கள்.

சனிக்கிழமைக் கூலியை அவர் வீட்டு அக்கா கணக்கில் போடச் சொல்லி அவரே கேட்கிறார். அவர் கேட்பதால்தான் சொல்கிறேன், அவருக்குத் தெரியாமல் அப்படிச் செய்திருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். ஒரு பெரிய வீட்டுத் தரை முடிந்தால் பட்டறையில் பாட்டில் வரும், தெரியும். இந்த வருஷம் பிரியாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் அண்ணே. நாலு பேர் முன்னால் வாயை ஊதச் சொல்லவும் வேண்டாம். ஒருவேளை மறுபடி குடித்துவிட்டால் கணக்கு முடித்து அனுப்பிவிடாமல் எனக்குச் சொல்லுங்கள். இடையில் சறுக்கி, பிறகு விட்டு நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. காலையில் கை நடுங்க வேலைக்கு வருகிற வேறு யாரும் அங்கே இருந்தால், "இன்னையோட விட்டுடு" என்று சத்தியம் வாங்காதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். 14446 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

திங்கள்கிழமை காலையில் அவரை நானே பட்டறைக்கு அழைத்து வரலாமா? சரி என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து உங்கள் தங்கை