மீலப் போகும் பெர்த் தமிழ்ச் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

செப்டம்பர் கடைசியில் நீண்ட வாரயிறுதி வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குக் கரையில், மீலப் பூங்காவை ஒட்டிய டன்ஸ்பரோ ஊரில் வீடு பிடித்தாயிற்று. பிரியாணி யார், தயிர்சாதம் யார் என்று நம் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சு ஓடுகிறது. திமிங்கிலத்துக்கும் காட்டுப் பூக்களுக்கும் இதைவிட நல்ல சமயம் கிடையாது, சந்தோஷமாகப் போய் வாருங்கள். ஆனால் கூடவே இன்னொரு செய்தியும் சுற்றுகிறது: "மீலப்ல ஆறாயிரம் வருசத்து மரம் இருக்காமே, லொகேஷன் தெரிஞ்சா போடுங்க."

தயவுசெய்து தேடாதீர்கள். தெரிந்தவர்கள் போடாதீர்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், போய்ப் பார்த்தாலும் ஏமாந்துதான் திரும்புவீர்கள். மீலப் மாலி என்னும் இந்த யூக்கலிப்டஸ், ஊட்டித் தைலமரம்போல் நெடுநெடுவென்று நிற்காது. மண்ணுக்குள் கட்டைபோல் ஒரு கிழங்கு. அதிலிருந்து புதராகக் கிளம்பும் பல தண்டுகள். காட்டுத்தீயில் தண்டு கருகினால் கிழங்கு மறுபடி துளிர்க்கும். இப்படியே பக்கவாட்டில் பரவிய தண்டுகளைத் தனித்தனிச் செடிகள் என்றுதான் நினைத்திருந்தார்கள். மரபணுச் சோதனையில் அத்தனையும் ஒரே உயிர் என்று தெரிந்தது. இவ்வளவு பரவ 6,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும் என்பது 1999இல் வெளிவந்த மதிப்பீடு. கண்ணுக்குத் தெரியும் தண்டுகளோ இளசுகள்; செல்ஃபி எடுத்தால் ஏதோ புதர் பக்கத்தில் நிற்பதுபோல்தான் இருக்கும். யூக்கலிப்டஸ் ஃபைலாசிஸ் என்று அறிவியல் பெயர் வந்ததே 1992இல்தான்.

இது கலப்பினமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கலப்பினத்தின் விதை தாயை அப்படியே உரித்துக்கொண்டு முளைக்காது. திசு வளர்ப்பில் நாற்று உண்டாக்கும் வேலையில் பெர்த்தின் கிங்ஸ் பார்க் அறிவியலாளர்கள் இறங்கினார்கள். ஆம், நாம் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போகும் அதே கிங்ஸ் பார்க். ஆனால் சோதனைக்கூடத்தில் நாற்றை உண்டாக்கலாம், அது நிற்க வேண்டிய காட்டை உண்டாக்க முடியாது. அந்தக் காட்டுக்குத்தான் நம் காலால் ஆபத்து.

'டைபேக்' என்ற பலகையைப் பாதையோரம் பார்த்திருப்பீர்கள். ஃபைடாஃப்தோரா சின்னமோமி என்னும் நுண்ணுயிரி வேரை அழுகச் செய்யும் நோய் அது. பாங்ஸியா, ஜாரா, பால்கா என்று இந்த மண்ணின் மரம் செடிகள் எல்லாம் அதற்குப் பலியாகின்றன. ஈரமண்ணில் ஒட்டிக்கொண்டுதான் அது ஊர்விட்டு ஊர் போகிறது. ஷூவின் அடிப்பள்ளத்தில் சிக்கிய கட்டைவிரல் நகமளவு சேறு போதும். பாஸ்பைட் மருந்து நோயைத் தள்ளிப்போடும், மண்ணைவிட்டு விரட்டாது. செப்டம்பரில் மழை ஈரம் இன்னும் காய்ந்திருக்காது என்பதை நினைவில் வையுங்கள். மீலப் மாலியின் தண்டுகளை ஏற்கெனவே நோயும் துளைப்பான் பூச்சிகளும் வாட்டியிருக்கின்றன. புதரை விலக்கிக்கொண்டு ஆள்மாற்றி ஆள் அங்கே போனால், சுற்றியுள்ள காடும் கிழங்கின் மேல்மண்ணும் என்னவாகும்?

தைலமரம் என்றாலே நம்மில் பலருக்கு நிலத்தடி நீரை உறிஞ்சும் தோப்புதான் நினைவுக்கு வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது கொண்டுபோய் நட்ட இடத்துக் கதை. இது அதன் பிறந்த வீடு. இங்கத்திய பூர்வகுடிகளான நூங்கார் மக்களில் வடாண்டியினரின் மண். இங்கே நாம் விருந்தாளிகள்; இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்க்கும் பழக்கத்தையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளலாம். உரிமம் இல்லாமல் காட்டுச் செடியைப் பறிப்பது சட்டப்படியும் குற்றம்.

குழு நடத்தும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்: லொகேஷன் பின் வந்தால் உடனே நீக்கிவிடுங்கள். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்ற பட்டியலில் ஒரு பழைய பிரஷ்ஷும், கிருமியைக் கொல்ல மெத்திலேட்டட் ஸ்பிரிட் பாட்டிலும் சேருங்கள். பாதையில் இறங்குவதற்கு முன்பே, கார் நிறுத்தும் இடத்திலேயே ஷூவின் அடியைக் காய்ந்த மண் உதிரத் தேய்த்து, ஸ்பிரிட் தெளித்துவிட்டு நடங்கள். காசில் ராக் வழியாக ஈகிள் பே பக்கம் போகும் பாதையிலேயே பார்க்க ஏகப்பட்டது இருக்கிறது. பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும்.

அன்புடன்,
உங்களில் ஒருவர், பெர்த்