கோல்ஃப் கிளப் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழுவினர், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வர இயலாதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

செயற்குழு இந்த ஆண்டு ஏழு முறை கூடியது. சுதந்திர தினக் கோப்பை, புத்தாண்டு ஸ்டேபிள்ஃபோர்ட் புள்ளிப் போட்டி, மட்டைப் பை சுமக்கும் கேடிகளுக்கான போட்டி மூன்றும் குறித்த தேதியில் நடந்தன. பொங்கலுக்குப் பணியாளர் குடும்பங்களுக்கு வேட்டி சேலை கொடுத்தோம். ஆறு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். நம்மை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த உறுப்பினர்களுக்கும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

அடுத்து, ஜூன் மாதம் நடந்த வேலை. கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகள், ஒன்பதிலும் துளை போட்டு மணல் நிரப்பினோம். அதைப் பற்றி இந்த ஆண்டு முழுக்கப் பேச்சு இருந்தது. "நல்லா இருந்த கிரீனைக் கெடுத்துட்டாங்க" என்று என் காதுபடவே சொன்னார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் கிரீனில் இருப்பது பெர்முடா புல். பெயர்தான் வெளியூர்ப் பெயர். பிள்ளையாருக்குச் சாத்துகிற நம் அருகம்புல்லும் அதன் இன்னொரு ஆப்பிரிக்க உறவும் சேர்ந்த கலப்பினம் அது. வரப்பில் மாடு மிதித்தாலும் தழைக்கிற குணம் அதற்கு உண்டு. ஆனால் கிரீனில் அதை 4 மில்லிமீட்டர் உயரத்துக்கு தினமும் வெட்டுகிறோம், ஒரே இடத்தில் நாளெல்லாம் நடக்கிறோம். மண் இறுகிப்போகிறது. செத்த தண்டும் வேரும் மெத்தை மாதிரி மேலேயே படிகின்றன. தண்ணீர் அந்த மெத்தையில் தங்கிவிடுகிறது, வேர் கீழே இறங்குவதில்லை. 2023 நவம்பர் மழையில் மூன்றாவது, ஏழாவது கிரீன்களில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். அப்போது ஏழாவதில் கத்தியால் ஒரு துண்டு வெட்டியெடுத்துச் செயற்குழு மேஜையில் வைத்தேன். மேலே விரல் தடிமனுக்குப் பழுப்பு மெத்தை. வேர் ஒன்றரை அங்குலம்கூட இல்லை. மண்ணில் சாக்கடை வாடை. அன்றைக்கே முடிவு செய்தோம்.

வழி ஒன்றுதான். அரை அங்குலக் குழாய்களால் மூன்று அங்குல ஆழத்துக்கு மண்ணை உருவியெடுத்து, அந்தத் துளைகளில் மணலைப் பெருக்கித் தள்ளி நிரப்ப வேண்டும். காற்றும் தண்ணீரும் போக வழி கிடைக்கும். நம்மிடம் அந்த மெஷின் இல்லை. வெளியூரிலிருந்து ஆபரேட்டரோடு நான்கு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். "யாரும் ஆடாத மழைக்காலத்தில் செய்திருக்கலாமே" என்று கேட்டார்கள். இந்தப் புல் வெயிலில்தான் வேகமாக வளரும். ஜூனில் போட்ட துளை மூன்று வாரத்தில் மூடிவிடும். மார்கழிப் பனியில் போட்டால் தை முழுக்கத் திறந்தே கிடக்கும். கத்திரி முடிந்து, ஆடிக் காற்று கணவாய் வழியாக முழு வேகத்தில் இறங்குவதற்கு முன்னால் கிடைக்கிற சில வாரங்கள்தான் சரியான நேரம். அந்த வாரம் பக்கத்து ஊர்க்காரர்களோடு நட்புப் போட்டி இருந்தது எனக்கும் தெரியும். தள்ளி வைத்ததற்கு அவர்களிடம் நானே நேரில் போய் வருத்தம் தெரிவித்தேன்.

ஆறாவது கிரீன் விஷயத்தில் தவறு என்னுடையது. ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் வாங்கினோம். முதல் லோடு வந்த அன்றே ஆறாவதில் போட்டுவிட்டோம். மறுநாள்தான் கண்ணாடிப் பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். மணல் அடியில் இறங்கியது. கிரஷர் தூள் மேலே சேறாகப் படிந்தது. அந்தத் தூள் துளைக்குள் போய் சிமெண்ட் போல அடைத்துக்கொண்டது, புல் மஞ்சளாகிவிட்டது. மீதி லோடைத் திருப்பி அனுப்பி, கழுவிச் சலித்த மணல் வரவழைக்கப் பத்து நாள் ஆயிற்று. செப்டம்பர் வரை ஆறாவதில் தற்காலிகக் கிரீனில் ஆடினீர்கள். சோதித்துவிட்டுப் போட்டிருக்க வேண்டும். பொறுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி.

மற்ற எட்டு கிரீன்களின் பலனையும் சொல்ல வேண்டும். கிரீனின் வேகத்தை அளக்க 36 அங்குல அலுமினியப் பட்டை ஒன்று இருக்கிறது. 1935-இல் எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் யோசித்தது, அவர் பெயராலேயே ஸ்டிம்ப்மீட்டர் என்கிறார்கள். பந்தை அதன் வெட்டில் வைத்து மெல்லத் தூக்கினால் ஒரு சாய்வில் தானாக உருளும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கணக்கு. மே மாதம் நம் கிரீன்கள் ஆறரை அடி. பிப்ரவரியில் எட்டு அடியைத் தாண்டின. டிவியில் காட்டும் போட்டிகளின் வேகம் நமக்குத் தேவையில்லை. வார இறுதியில் ஆடுகிற நமக்கு எட்டு அடி போதும், முக்கியமாக ஒன்பதும் ஒரே மாதிரி ஓட வேண்டும். கடந்த நவம்பரில் இரவு முழுக்கக் கொட்டிய மழைக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏழாவது கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டி பட் செய்தோம். நான் அங்கே நின்று பார்த்தேன். மனசு நிறைந்தது.

ஆனால் இந்த உழைப்பை நாமே அழிக்கிறோம். ஜனவரியில் ஒரு ஞாயிறு மாலை இரண்டாவது கிரீனில் மட்டும் பந்து விழுந்த பள்ளம், அதாவது சரிசெய்யாமல் விட்ட பிட்ச் மார்க், 31 எண்ணினேன். உடனே சரிசெய்தால் சில நாளில் புல் மூடிவிடும். அப்படியே விட்டால் நடுவில் கருகி, வாரக்கணக்கில் வடுவாக நிற்கும். செய்யும் முறையையும் பலர் தவறாகவே பழகியிருக்கிறோம். அதற்கான சிறு முள்கருவியான பிட்ச் ஃபோர்க்கைக் குத்தி மேல்நோக்கி நெம்பக் கூடாது, வேர் அறுந்துவிடும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளி, பட்டர் மட்டையால் தட்டினால் போதும். 2019 விதித் திருத்தத்திலிருந்து கிரீனில் ஷூ கிழித்த தடத்தையும் சரிசெய்து கொள்ளலாம், அபராதம் இல்லை. கேடி செய்வார் என்று விட்டுவிட வேண்டாம். பங்கர் என்கிற மணல் குழியில் கால்தடத்தைக் கலைக்காமல் போவதும் அப்படித்தான். பின்னால் வருகிறவரின் பந்து அந்தக் குழியில்தான் விழுகிறது.

மட்டை பட்டுப் புல் பெயர்ந்த இடங்களான டிவட்டுக்கு மணல் போட நான்கு ஞாயிறு சிரமதானம் வைத்தோம். முதல் வாரம் பதினொரு பேர், அப்புறம் ஏழு, ஐந்து, கடைசி வாரம் நானும் பொருளாளரும் ஒரு புது உறுப்பினரும் மட்டும். அதே நாட்களில் ஆட்டம் தொடங்குகிறவர்களின் டீ-ஆஃப் பட்டியல் நிரம்பியிருந்தது. யார் பெயரையும் சொல்லப் போவதில்லை. கிரீன் வரை போகிற புல்வெளியான ஃபேர்வே மோசம் என்று புகார் எழுதியவர்களில் ஒருவரைக்கூட மணல் வாளியோடு நான் பார்க்கவில்லை என்பதை மட்டும் வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

காட்டுப்பன்றி ஐந்தாவது ஃபேர்வேயை மூன்று முறை கிளறியது. ஓரமாக வேலி போட்டிருக்கிறோம்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வைப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சமம்; கையிருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. மணல், மெஷின் வாடகை, எரிந்துபோன போர்வெல் மோட்டார் மூன்றும் பெரிய செலவுகள். சந்தாவில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் வரவில்லை. அதன் விளைவைக் கண்ணால் பார்த்தோம். கிரீன் வெட்டும் மெஷினின் பிளேடைச் சாணை பிடிக்கப் பணம் இல்லாமல் இரண்டு மாதம் தள்ளிப் போட்டோம். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, கிழிக்கும். நுனி வெளுத்து அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறும். டிசம்பரில் நான்காவது கிரீனில் வந்த வட்டத் திட்டுகள் அப்படி வந்தவை என்றே நினைக்கிறேன்.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் கோப்பைகள் அளித்தவர்களுக்கும் நன்றி. மைதானப் பணியாளர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. விடியுமுன் மூங்கில் கழியோடு வந்து ஒன்பது கிரீன்களிலும் பனியைத் தட்டிவிட்டு, கோரையைக் கையால் வேரோடு பிடுங்கிவிட்டு, நாம் ஆறரைக்கு வரும்போது ஒதுங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் சம்பளம் ஒரு மாதம்கூடத் தாமதமாகவில்லை.

வரும் ஜூனில் மறுபடி துளை போட வேண்டும். ஒரு முறையோடு நிற்கிற வேலை அல்ல இது. மூன்றாவது கிரீனுக்கு வடிகால் தேவை. இந்தப் பொறுப்பில் தொடரும்படி செயற்குழு கேட்டிருக்கிறது. வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன். ஆனால் மெஷினுக்கு முன்பணம் மார்ச் இறுதிக்குள் கட்ட வேண்டும், அது பாக்கிச் சந்தா வந்தால்தான் முடியும். கூட்டம் முடிந்ததும் பொருளாளர் வாசலில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். அவர் பக்கத்தில் ஒரு பெட்டியில் பிட்ச் ஃபோர்க்குகள் இருக்கின்றன, அவை இலவசம். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்