கேமராவோடு சார்ல்ஸ்டன் போகிற மகனுக்கு

அன்புள்ள ராசா,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். சார்ல்ஸ்டனில் படம் எடுக்க நல்ல இடம் என்று யார் யார் எதை எழுதினார்களோ அத்தனையும் அதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மினியாபொலிஸிலிருந்து வந்து இறங்கி செவ்வாய்க்கிழமை காலையில் திரும்புகிறவன் அதில் பாதிக்கு மேல் பார்க்கவே முடியாது, அப்புறம் எங்கே படம் எடுக்க. போனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இத்தனை வருஷமாக, அதே தென் கரோலினா மாநிலத்துக் கொலம்பியாவிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போய் அந்த ஊரைப் படம் எடுக்கிறவள் சொல்கிறேன், கொஞ்சம் கேட்டுக்கொள்.

இடங்களை எண்ணித் திட்டம் போடாதே. வெயிலையும் கடல் தண்ணீரையும் வைத்துப் போடு.

ஊரின் வரைபடத்தை ஒருமுறை நன்றாகப் பார். வடக்கிலிருந்து தெற்கே நாக்கை நீட்டினது போல ஒரு நிலம், கிழக்கே கூப்பர் ஆறு, மேற்கே ஆஷ்லி ஆறு. அந்த இரண்டு ஆறும் சேர்ந்துதான் அட்லாண்டிக் கடலே உண்டாகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் கேலியாகப் பெருமை அடித்துக்கொள்வார்கள். உனக்கு இதிலிருந்து வேண்டியது ஒன்றுதான்: காலையில் கூப்பர் பக்கம் நில், சாயங்காலம் ஆஷ்லி பக்கம் போ. மார்ச் கடைசியில் அங்கே சூரியன் உதிக்க ஏழேகால் மணி ஆகிவிடும், மறைய ஏழரை தாண்டும். ஆறரைக்கே வாட்டர்ஃப்ரன்ட் பூங்காவில் இருந்தால் அன்னாசிப்பழ நீரூற்றுப் பக்கம் உன்னையும் ஓடுகிறவர்கள் சிலரையும் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். வெயில் கொஞ்சம் ஏறியதும் அப்படியே ஈஸ்ட் பே தெருவில் தெற்கே நடந்தால், வண்ண வண்ணமாக வீடுகள் ஒட்டி நிற்கிற ரெயின்போ ரோ வந்துவிடும். அந்த 13 வீடுகளும் கிழக்கே பார்த்தவை, அதனால் மத்தியானத்துக்கு மேல் போய்ப் பிரயோஜனம் இல்லை, முகம் முழுக்க நிழலாகிவிடும். எப்படிப் போனாலும் முன்னால் வரிசையாகக் கார்கள் நிற்கும். அதற்காக வருத்தப்படாதே, இரண்டாவது மாடியையும் ஜன்னல்களையும் மட்டும் நெருக்கி எடு.

வழிகாட்டிகள் குதிரை வண்டியில் உட்கார்ந்துகொண்டு, குடித்துவிட்டு வருகிற மாலுமிக்குத் தன் வீடு தெரியவேண்டும் என்றுதான் இப்படி வண்ணம் அடித்தார்கள் என்று கதை விடுவார்கள். நம்பாதே. அது வணிகர்களின் தெரு, கீழே கடை, மேலே வீடு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஊரே நொடித்துப்போய் அந்த வரிசை குடிசைப்பகுதி மாதிரி ஆகிவிட்டது. 1931 வாக்கில் டோரதி லெக் என்ற அம்மா அங்கே வீடு வாங்கி இளஞ்சிவப்பு அடித்தார், பக்கத்து வீட்டுக்காரர்களும் தொடர்ந்தார்கள். பழைய வீடுகளைக் காக்க ஊரின் ஒரு பகுதியையே சட்டம் போட்டு வரையறுத்ததும் அதே 1931-ல்தான், அமெரிக்காவில் அதுதான் முதல். இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லாமல் போனதால்தான் அந்த ஊர் பிழைத்தது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

தெற்கு முனையில் பாட்டரி என்கிற கடலோர நடைபாதைக்கு எல்லாரும் போவார்கள், நீயும் போ. ஆனால் சூரியன் இறங்குகிற நேரத்தில் மேற்குப் பக்கம், மரே புலவார்ட் வழியாக நட. கூப்பர் ஆற்றின்மேல் போகிற ரேவனல் பாலத்தை எடுக்க ஆசைப்பட்டால் இன்னொரு சாயங்காலம் மவுன்ட் பிளசன்ட் கரைக்குப் போய், பாலத்துக்கு அடியிலே மீன்பிடிக்கிற நீளமான மேடை ஒன்று இருக்கிறது, அதன் நுனியில் நின்று மேற்கே பார். 575 அடி உயரத்தில் இரண்டு கோபுரம், பின்னால் சிவந்த வானம். அழகாகத்தான் இருக்கும், ஒன்றோ இரண்டோ எடுத்துவிட்டுக் கிளம்பு. அந்தப் படம் உலகத்தில் எல்லாரிடமும் இருக்கிறது.

உச்சி வெயிலில் சந்துகளுக்குள் புகுந்துவிடு. ஸ்டோல்ஸ் சந்து, லாஞ்சிட்யூட் லேன், ஃபிலடெல்ஃபியா ஆலி மூன்றும் நடந்துபோகிற தூரம்தான், சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து நிழலைக்கூட மிருதுவாக்கும். அங்கே தெருவைப் பார்த்து ஒரு அறை அகலம் மட்டும் இருக்கிற நீள வீடுகளைக் கவனி. தெருவில் ஒரு கதவு இருக்கும், திறந்தால் வீட்டுக்குள் போகாது, பக்கவாட்டு வராந்தாவுக்குத்தான் போகும். காற்று வாங்குவதற்காக அந்த வராந்தாவைத் தெற்கு நோக்கியோ மேற்கு நோக்கியோ வைத்தார்கள், அதனால் மூன்று மணிக்கு மேல் தூண் நிழல்கள் தரையில் நீள ஆரம்பிக்கும்போது எடு. சில வராந்தாக்களின் கூரை வெளிர்நீலமாக இருக்கும். பேய் அண்டாமல் இருக்க அந்த நீலம் என்பது கல்லா (Gullah) மக்களின், அதாவது இந்தக் கரையில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களின் நம்பிக்கை. சுவரில் ஆங்காங்கே வட்டமாக, நட்சத்திரமாக இரும்புத் தட்டுகள் தெரியும். 1886 ஆகஸ்ட் 31 ராத்திரி வந்த பூகம்பத்துக்குப் பிறகு வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கம்பி கோத்து முறுக்கினார்களே, அதன் முனைகள் அவை. உன் பட்டியலில் இதெல்லாம் இல்லை.

இன்னொன்றும் இல்லை, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அந்த ஊரின் அழகையெல்லாம் யார் கை செய்தது என்பது உன் பட்டியலில் எங்குமே இல்லை. வட அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பேர் சார்ல்ஸ்டன் துறை வழியாக வந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலர் நெல் விளைகிற மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் மற்றவர்கள் வேறு பக்கங்களிலிருந்தும் பிடிக்கப்பட்டவர்கள், இங்கே சதுப்பு நிலத்தை வெட்டி, வரப்புப் போட்டு, கடல் ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் உயர்கிற நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குப் பாய்ச்சினவர்கள். அந்த நெல்லில் வந்த காசில்தான் இந்த வீடுகள். பழைய செங்கல் சுவர்களில் மெதுவாகத் தேடினால் காய்வதற்கு முன் அழுந்தின விரல்களின் பள்ளம் தெரியும். அடிமைகளின் விரல்கள், சிலது சிறு பிள்ளைகளுடையது. மேக்ரோ லென்ஸ் எடுத்துவரலாமா என்று கேட்டாயே, இதற்காக எடுத்துவா, பூவுக்காக வேண்டாம்.

மார்க்கெட்டிலும் செயின்ட் மைக்கேல்ஸ் தேவாலய மூலையிலும் கல்லாப் பெண்கள் ஸ்வீட்கிராஸ் புல்லில் கூடை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதில் அகலமான தட்டுக் கூடையை நீ பார்த்ததும் கண்டுகொள்வாய், ஆச்சி வீட்டுச் சுளகு மாதிரி, வட்டமாக இருக்கும், நெல் புடைக்கத்தான். கேட்காமல் கேமராவைத் தூக்காதே. முதலில் உட்கார்ந்து பேசு, முடிந்தால் சின்னதாக ஒன்று வாங்கு, விலை அதிகம் என்று முகம் சுளிக்காதே, ஒரு கூடைக்கு எத்தனை நாள் ஆகும் என்று அவர்களையே கேள். அதற்குப் பிறகு படம் எடுக்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்றாலும் உனக்குப் பேச்சு மிச்சம்.

இரும்பு வேலை உனக்குப் பிடிக்கும். பிலிப் சிமன்ஸ் என்ற கொல்லர் (1912–2009) அந்த ஊருக்கு ஐந்நூறுக்கும் மேல் வாசல்கதவு, கிராதி எல்லாம் அடித்துக் கொடுத்திருக்கிறார். ஈஸ்ட் பேயில் கேட்ஸ்டன் வீட்டுக் கதவில் பாம்புகள் நெளியும். ஆன்சன் தெருவில் ஒரு தேவாலயத் தோட்டத்தில் இதய வடிவக் கதவு. ஒரு காலைப் பொழுதை இவருக்கு மட்டும் கொடுத்தாலும் தப்பில்லை, அதில் வருகிற தொடர் படங்கள் உன் மொத்தப் பயணத்தையும்விட நன்றாக இருக்கும்.

சரி, தோட்ட மாளிகைகள். பூன் ஹாலில் 1743-ல் நட்ட ஓக் மர வரிசையை எடுக்கத்தான் எல்லாரும் போகிறார்கள், கல்யாணப் படமும் எடுக்கிறார்கள், எனக்கு அது ஒவ்வுவதே இல்லை. போனால் மரங்களுக்குப் பக்கத்திலேயே அடிமைகள் இருந்த செங்கல் குடில்கள் நிற்கின்றன, மாளிகையும் குடிலும் ஒரே படத்தில் வருகிற கோணத்தைத் தேடு. நேரம் ஒரு இடத்துக்குத்தான் என்றால் ஜேம்ஸ் தீவில் மெக்ளவுட் பண்ணைக்குப் போ. அங்கே வழிகாட்டி கதையைக் குடில்களின் பக்கமிருந்து சொல்வார். கூப்பர் கரையில் கேட்ஸ்டன் துறை இருந்த இடத்தில் 2023-ல் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் இருக்கிறது. கட்டிடத்தைத் தூண்கள்மேல் தூக்கி வைத்து, அடிமைக் கப்பல் வந்து நின்ற மண்ணைக் காலியாக விட்டிருக்கிறார்கள். தரையில் ஒரு ஆழமில்லாத குளம், அதில் கப்பலின் அடித்தட்டில் அடுக்கப்பட்ட உடல்களின் வடிவம், தண்ணீர் ஏறி மூடும், வடிந்து காட்டும். அங்கே எப்படி எடுப்பது என்று நான் சொல்லமாட்டேன், நீயே பார்த்துக்கொள். கால்ஹூன் தெருவில் மதர் இமானுவேல் தேவாலயத்தை வெளியிலிருந்து எடுத்தால் போதும். 2015 ஜூனில் வேதபாடத்துக்கு உட்கார்ந்திருந்த ஒன்பது பேரை ஒருவன் சுட்டுக் கொன்ற இடம், இன்றும் ஜெபம் நடக்கிற இடம்.

கடல் ஏற்றம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக் கரையில் நீ பார்த்த ஏற்றம் வற்றம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை, இங்கே ஐந்தாறு அடி ஏறி இறங்கும், நேரமும் நாளுக்கு முக்கால் மணி, ஒரு மணி என்று தள்ளிப்போகும். அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு, விடிகிற நேரத்தில் தண்ணீர் வற்றியிருக்கிற நாள் எதுவோ அன்றைக்கு மட்டும் ஃபாலி கடற்கரையின் கிழக்கு முனைக்குப் போ. சாலை முடிகிற இடத்தில் காரை விட்டுவிட்டு நடக்கவேண்டும், டார்ச் வேண்டும். வடக்கே தண்ணீருக்கு நடுவில் மாரிஸ் தீவுக் கலங்கரை விளக்கம் தனியாகச் சாய்ந்து நிற்கும், சூரியன் உன் வலது கைப்பக்கம் வரும். 1876-ல் அதைக் கட்டியபோது கீழே தரை இருந்தது. துறைமுக வாய்க்காக நீளக் கல்லணை போட்டார்கள், மணல் வரத்து மாறி தீவு கரைந்தே போனது. உள்நாட்டுப் போரில், 1863-ல், மாசசூசெட்ஸின் 54-ஆம் படை, கறுப்பினத்தவர் படை, பாய்ந்து தாக்கிய வாக்னர் கோட்டையும் அந்தத் தீவில்தான் இருந்தது, அதையும் கடல் கொண்டுபோய்விட்டது. அங்கே தண்ணீரில் இறங்காதே. இழுப்பு பயங்கரம், முழங்கால்கூட வேண்டாம்.

பௌர்ணமி அமாவாசையை ஒட்டி வருகிறாயென்றால் மழை இல்லாமலே மார்க்கெட் தெருப் பக்கம் தண்ணீர் நிற்கலாம், பழைய ஓடையை மூடித்தான் அந்தப் பகுதியை உண்டாக்கினார்கள். தேவாலயக் கோபுரம் அதில் தலைகீழாகத் தெரியும்போது எடு, ஆனால் வாடகைக் காரை அதில் விடாதே, உப்புத் தண்ணீர்.

வருவதற்கு முன் ஒரு வேலை செய். 1865-ல் ஜார்ஜ் பர்னார்டு எடுத்த சார்ல்ஸ்டன் இடிபாட்டுப் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, சும்மாவே பார்க்கலாம். மீட்டிங் தெருவில் வட்டத் தேவாலயம் நெருப்பில் கருகி ஓடாக நிற்கிற காலம். இப்போது அதே இடத்தில் 1890-களில் கட்டினது நிற்கிறது, பின்னாலேயே ஊரின் பழைய கல்லறைத் தோட்டம். அவர் எங்கே முக்காலியை ஊன்றியிருப்பார் என்று கண்டுபிடித்து அங்கே நின்று பார், அது ஒரு நல்ல விளையாட்டு.

சாமான் அதிகம் வேண்டாம். சந்துக்கு அகலமான லென்ஸ் ஒன்று, மனிதர்களுக்கு ஐம்பது மி.மீ. லென்ஸ், அந்த மேக்ரோ. ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் வெளியே வந்தால் லென்ஸ் பனித்துவிடும், முந்தின ராத்திரியே பையைக் காரில் வை, ஜன்னல் வழியாகத் தெரியாதபடி டிக்கியில். மார்ச் கடைசியில் மகரந்தம் மஞ்சள் தூளாகக் கொட்டும், வெளியில் நின்று லென்ஸ் மாற்றாதே. உனக்குத் தும்மல் வேறு வரும், மாத்திரை எடுத்துவா. சதுப்புப் பக்கம் காற்று இல்லாத நேரத்தில் கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிக்கும், முழுக்கை சட்டை போடு. சால்மர்ஸ் தெரு மாதிரி உருளைக்கல் தெருக்களில் கால் பிசகும், நல்ல செருப்பு வேண்டாம், ஷூ. ஊருக்குள் டாஷ் பஸ் இலவசம், காரை ஓரிடத்தில் விட்டுவிட்டு அதில் சுற்று.

சாப்பாட்டுக்கு உனக்குக் கஷ்டமே இருக்காது. வெண்டைக்காய் போட்ட சூப், தக்காளியில் வேகவைத்த சிவப்புச் சோறு, பயறும் அரிசியுமாக ஹாப்பின் ஜான். கல்லாக்காரர்கள் நடத்துகிற சின்னக் கடையாகப் பார்த்துப் போ. பயறுச் சோற்றிலும் சிவப்புச் சோற்றிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், உன் கூட வருகிற பிள்ளை சாப்பிடாது என்றால் முதலிலேயே கேட்டுவிடு.

ஏஞ்சல் ஓக் மரத்துக்குக் கட்டாயம் போகவேண்டும் என்று எழுதியிருந்தாய். போ, ஆனால் விடியற்காலைக் கணக்கில் வைக்காதே, காலையில் தாமதமாகத்தான் கதவு திறப்பார்கள். மெக்ளவுட் பக்கம் போகிற நாளில் சேர்த்துக்கொள்ளலாம், அன்றைக்கு இரண்டும் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடு. மீதி எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டியல் அனுப்பு, ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் நானும் வந்துவிடுகிறோம், அப்பா முழங்காலை வைத்துக்கொண்டு நடக்கமாட்டார், பாட்டரி பெஞ்சில் உட்கார்ந்து டால்ஃபின் தேடுவார், நீ உன் வேலையைப் பார். என் கார்பன் முக்காலியைக் கொண்டுவருகிறேன், உன்னுடையதைச் சுமந்து வராதே. வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று அப்பாவுக்கு மெசேஜ் போடு, என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அன்புடன்,
அம்மா