அப்பாவை வழியனுப்பி வைத்த உங்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும், தெருவில் உள்ள அத்தனை வீட்டாருக்கும், முன்னாள் படைவீரர் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழையில் எங்கள் அப்பா காலமானார். வயது 82. காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, வெளியூர்க்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிய பிறகு இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. யார் என்ன செய்தீர்கள் என்று அன்றைக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இப்போது அம்மாவும் நானும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறோம். பால் யார் வாங்கினார்கள், சாமியானாவுக்கு யார் சொன்னார்கள், அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை யார் எடுத்துக் கொடுத்தார்கள்? இதில் எதற்குமே நாங்கள் ஓடவில்லை, எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் ஓடியிருக்கிறீர்கள்.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போவது புதிதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வோம். அப்பாவும் 1962 சீனச் சண்டைக்கு அடுத்த வருடம் ஆள் எடுத்தபோது போனவர். பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில், ராணுவப் பொறியாளர் பிரிவான எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டரில் பயிற்சி. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்பதும் இந்தப் பிரிவுதான். அவர்களைப் பட்டாளத்தில் 'தம்பி' என்பார்கள். எண்பது வயதிலும் அவருடைய சிநேகிதர்கள் போனில் "என்னா தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

சண்டையைப் பற்றி அவராகப் பேசமாட்டார். எப்போதாவது பேசினாலும் ஓர் இரவைப் பற்றித்தான் பேசுவார். 1971 பாகிஸ்தான் சண்டை, டிசம்பர் 15, மேற்கு எல்லையில் ஷக்கர்கர் பகுதி, பசந்தர் ஆறு. அவர் இருந்த 9 இன்ஜினியர் ரெஜிமென்டுக்கு, கண்ணிவெடி புதைத்த நிலத்தில் டாங்கிகள் போக வழி திறக்கும் வேலை. கண்ணிவெடி தேடுவது எப்படி என்று எனக்கு ஒருமுறை வேர்க்கடலைக் கொல்லையில் முட்டி போட்டுக் காட்டினார். கையில் ஸ்க்ரூடிரைவர். அதை நன்றாகச் சாய்த்து, ஊசி போடுவதுபோல் மெதுவாக மண்ணுக்குள் விட்டார். "நேரா குத்தினா தலையில படும். சாய்ச்சு குத்தினா விலாவுல படும். விலாவுல பட்டா பொழைச்சோம்" என்றார். அப்போது அவர் விரல்கள் மண்ணைத் தொட்ட விதம் எனக்கு மறக்கவே மறக்காது. தூங்குகிற குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படித் தொட்டார்.

அந்தப் பணியில் அவர்களுடைய மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரை விட்டார். மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். வழி முழுவதும் திறந்து முடிப்பதற்குள் எதிரியின் டாங்கிகள் திரளும் சேதி வந்துவிட்டது. பூனா ஹார்ஸ் என்ற நம் டாங்கிப் படைப்பிரிவின் டாங்கிகள் மிச்சத் தூரத்தைக் கண்ணிவெடி மேலேயே துணிந்து கடந்தன. அந்தப் படைப்பிரிவின் 21 வயது அதிகாரி அருண் கேத்தர்பால் வீரமரணம் அடைந்து பரம்வீர் சக்கரம் பெற்ற சண்டை மறுநாள் நடந்ததுதான். அப்பாவுக்கு இது ஆயுசுக்கும் ஆறவில்லை. "நாங்க பாதி வழிதான் குடுத்தோம். மிச்சத்தை அந்தப் பசங்க உசுரப் பணயம் வச்சு கடந்தாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அம்மாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். புருஷன் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய முகவரிதான் அவளுக்குத் தெரிந்த ஒரே விலாசம். டிசம்பர் முழுக்க அந்த விலாசத்துக்கு இன்லாண்ட் லெட்டர் எழுதிக்கொண்டே இருந்தாளாம். பொங்கலுக்குப் பிறகு ஒரே நாளில் மூன்று பதில் வந்தது என்று இப்போதும் சொல்லுவாள்.

ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர், ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் செக்யூரிட்டியாக நின்று எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். மழைநாளில் வரப்பில் பள்ளிக்கூடம் கூட்டிப் போகும்போது அவர்தான் முன்னால். "என் கால் வச்ச எடத்துல வை" என்பார். எங்களுக்கு அது விளையாட்டு.

ஆடி மாதம் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. ஒரு மருத்துவமனையில் படுக்கை இல்லை என்று இரண்டு மணி நேரம் வாசலிலேயே ஆம்புலன்ஸில் வைத்திருந்தார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அவர் தலையைத் தன் மடியில் தாங்கியிருந்த ஆம்புலன்ஸ் தம்பிக்கு என்ன சொல்லி நன்றி சொல்ல? ஆபரேஷனுக்கு ரத்தம் வேண்டும் என்றதும் பைக்கில் வந்து நின்ற ஆறு கல்லூரிப் பிள்ளைகளில் ஒருவரையும் எங்களுக்கு முன்பின் தெரியாது. மருந்துச் சீட்டோடு மாதாமாதம் முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குப் போய்வந்த எதிர்வீட்டு மாமா, தினமும் காலையில் வந்து திண்ணையிலிருந்து கிணற்றடி வரை நடக்கப் பழக்கிய பிசியோ தங்கை... அவள் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவே "லெஃப்ட், ரைட்" சொல்லி நடந்ததைத் தெருவே பார்த்தது. கடைசியாக நடந்த நாளில் கிணற்றைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

அன்றைக்குக் கொட்டும் மழையில் பழைய பெரே தொப்பியும் மெடல்களும் அணிந்து வரிசையாக வந்து நின்ற முன்னாள் படைவீரர் அண்ணன்களே, உங்களில் பலருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. தேசியக் கொடி போர்த்தலாமா என்று பேரன் கேட்டபோது, அது அரசு மரியாதையோ ராணுவ மரியாதையோ செய்யும்போதுதான் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். 1971 சண்டைக்காக அவருக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டாரையும் சங்க்ராம் மெடலையும் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, நெஞ்சில் குத்தி விட்டீர்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக சல்யூட் அடித்தீர்கள். அதுவரை அழாமல் இருந்த அம்மா அப்போதுதான் அழுதாள். அந்த அழுகை அவளுக்கு வேண்டியிருந்தது.

பட்டாளத்து ரெக்கார்டில் அம்மா பெயரில் ஓர் எழுத்து தவறாக இருந்ததால் குடும்ப ஓய்வூதியம் நின்றுவிடுமோ என்று பயந்தோம். பின்தெரு கிளார்க் ஹவில்தார் அண்ணன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நான்கு தடவை நடந்து, பட்டாளத்து ரெக்கார்டில் குடும்ப விவரத்தைப் பதியும் 'பார்ட் டூ ஆர்டர்' திருத்தத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். பஸ் காசு கொடுத்தால்கூட வாங்க மறுத்துவிட்டார்.

மேளக்காரர்களுக்கும், மயானத்தில் மழையோடு மழையாக நின்று விறகை நனையாமல் காத்த ஐயாவுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டுக்கு அடுப்பு மூட்டிய கோடிவீட்டு அக்காவுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம்.

ஒரு விஷயம். டிரங்குப் பெட்டியில் அப்பாவின் சின்ன நோட்டுப் புத்தகம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 'கொடுக்க வேண்டியது' என்று நான்கு வரி எழுதியிருக்கிறார். டிராக்டர்க்காரர், உரக்கடை, பால்காரம்மா மூவருக்கும் கொடுத்தாகிவிட்டது. நான்காவது, 'டீக்கடை 35'. எந்த டீக்கடை என்று எழுதவில்லை. அந்த டீக்கடைக்காரர் யாராக இருந்தாலும் தயவுசெய்து வீட்டுப் பக்கம் வாங்க. அம்மா அந்த 35 ரூபாயைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறாள்.

நன்றியோடு,
மூத்த மகள்