மூணாம் பெட் ஹெர்னியாவுக்கும் ஒரு பேர் உண்டு: மருத்துவ மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் பக்கத்து மருத்துவக் கல்லூரிகளில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நான் டாக்டர் இல்லை. 32 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சொந்த ஊர் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். இப்போது காட்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறேன்.

வேலையில் இருந்த காலத்தில் வருஷாவருஷம் புது பேட்ச் வார்டுக்குள் நுழைவதைப் பார்த்திருக்கிறேன். மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, கழுத்தில் புது ஸ்டெத், முகத்தில் பயம். அந்தப் பயம் எனக்குப் பிடிக்கும். அது இருக்கிற வரைக்கும் நோயாளியை 'அம்மா', 'தாத்தா' என்று கூப்பிடுவீர்கள். வயிற்றைத் தொடும் முன் 'பார்க்கலாமா?' என்று கேட்பீர்கள். நாலைந்து வருஷம் போனதும் அதே பிள்ளை ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, வந்து நின்று, "சிஸ்டர், அந்த மூணாம் பெட் ஹெர்னியாவை ஓ.டி.க்கு அனுப்பியாச்சா?" என்று கேட்கும். குடலிறக்கத்தோடு மூணாம் பெட்டில் படுத்திருப்பவர் ஆம்பூரில் தோல் மூட்டை தூக்கிப் பிழைக்கிற மனிதர். அவர் காதிலும் அது விழும். இந்த நாலைந்து வருஷத்துக்குள் என்ன ஆகிறது என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்கு இதற்கென்று பாடமே இருக்கிறது. 2019-இல் சேர்ந்த பேட்சிலிருந்து 'ஏட்காம்' என்று மனப்பான்மை, அறநெறி, நோயாளியிடம் பேசும் முறை எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் காலத்து டாக்டர்களுக்கு இது கிடைக்கவில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் வகுப்பில் ஒரு மணி நேரம் சொன்னதை வார்டு பத்து நிமிஷத்தில் அழித்துவிடும். ரவுண்ட்ஸில் சீஃப் டாக்டர் நோயாளியின் கால்மாட்டில் நிற்பார். ஆங்கிலத்தில் பேசுவார். படுத்திருப்பவரின் முகத்தைப் பார்க்காமலே அடுத்த கட்டிலுக்கு நகர்வார். பின்னால் கும்பலோடு கும்பலாக நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பீர்கள். டயக்னோசிஸை எழுதிக்கொள்வீர்கள். அவர் கால்மாட்டில் நின்றதை யாரும் எழுதிக்கொள்வதில்லை, ஆனால் அடுத்த வருஷம் நீங்களும் அங்கேதான் நிற்பீர்கள்.

பணிவாகப் பேசுங்கள், சிரித்த முகமாக இருங்கள் என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. அதையெல்லாம் உங்கள் வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். நான் சொல்வது தொழில். பேச்சு சரியில்லை என்றால் வைத்தியம் தப்பாகப் போகும், அவ்வளவுதான்.

ஒரு நைட் டூட்டியில் ஐம்பது வயசு அம்மா ஒருத்தர் வந்தார். பீடி சுற்றுபவர், சர்க்கரையும் இருந்தது. டூட்டியில் இருந்த ஹவுஸ் சர்ஜன் நல்ல பையன், முந்தின நாள் முழுக்கத் தூங்கவில்லை. "நெஞ்சு வலி இருக்கா?" என்று கேட்டார். "இல்ல நைனா" என்றார் அந்த அம்மா. கேஸ் ஷீட்டில் நெஞ்சு வலி இல்லை என்று ஏறியது. வாயுக்கோளாறு என்று ஒரு ஊசி எழுதிவிட்டுப் போனார். நான் ஊசி போடப் போனபோது, "இன்னாக்கா பண்ணுது?" என்றுதான் கேட்டேன். "வலிலாம் இல்ல சிஸ்டர். அம்மிக்கல்ல தூக்கி நெஞ்சு மேல வெச்சாப்புல கீது. எடது கை வெலவெலன்னு வருது. பீடி சுத்தற கையாச்சே, அதான்னு வுட்டுட்டேன்." ஊசியை டிரேயில் வைத்துவிட்டு ஓடினேன். ஈ.சி.ஜி. எடுத்தால் மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார்.

அந்தப் பையன் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். ஆனால் நாலு பிள்ளை பெற்ற அந்த அம்மாவுக்கு 'வலி' என்றால் இடுப்பு வலி. நெஞ்சில் இருந்தது வலியே இல்லை, பாரம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலி இல்லாமலும் வரும் என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. அதை அவர்கள் எந்த வார்த்தையில் சொல்வார்கள் என்பது புத்தகத்தில் இருக்காது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், கரிப்பு, மதமதப்பு, விண்விண் என்று தெறிப்பது என நம் ஜனங்களிடம் வலிக்கு அத்தனை பேர் இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறு. வயிறு 'கடுக்கிறது' என்பவரும் 'எரிகிறது' என்பவரும் ஒரே நோயைச் சொல்லவில்லை. பட்டணத்துப் பிள்ளை ஒன்று எங்கள் வார்டில், "மேலுக்கு முடியல" என்று சொன்ன பாட்டியிடம், "எதுக்கு மேல பாட்டி?" என்று கேட்டு நின்றது இன்னும் நினைவிருக்கிறது. கிராமத்து ஜனங்களுக்கு மேலு என்றால் உடம்பு. தெரியாதது தப்பில்லை. அந்தப் பிள்ளை கூச்சப்படாமல் கேட்டது பாருங்கள், அதுதான் கெட்டிக்காரத்தனம்.

பெண்கள் சிலதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 'முழுகாம இருக்கேன்', 'வீட்டுக்குத் தூரம்' என்று சுற்றிவளைத்துத்தான் வரும். பையன்கள் சுற்றி நின்றால் அதுவும் வராது. இந்த ஊருக்கு இது புதுசில்லை. ராணிப்பேட்டையில் பிறந்து, பின்னால் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை உருவாக்கிய ஐடா ஸ்கடரை டாக்டராக்கியதே, பிரசவத்தில் தவித்த மனைவியை ஆண் டாக்டர் பார்க்கக்கூடாது என்று திரும்பிப் போன குடும்பங்கள்தான். அந்தக் கதையை உங்களுக்கு நூறு பேர் சொல்லியிருப்பார்கள், நான் இழுக்கப் போவதில்லை. 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கியவர், 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். நோயாளி யாரிடம் வாய் திறப்பாள் என்ற கேள்வியில்தான் இந்த ஊரின் மருத்துவப் படிப்பே ஆரம்பமாகியிருக்கிறது.

1984-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே புகுந்துவிடுகிறாராம். நம் ஓ.பி. கூட்டத்தில் 18 நொடி கிடைத்தாலே யோகம். டோக்கன் நம்பர் நூறைத் தாண்டிப் போகும்போது எல்லாருடைய கதையையும் கேட்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மாணவராக இருக்கும்போது உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நேரம் உள்ள ஒரே ஜாதி நீங்கள்தான்.

அந்த நேரத்தைச் சரியாகச் செலவு செய்த ஒரு பையனைச் சொல்கிறேன். மூன்றாம் வருஷம், அரசுப் பள்ளியில் தமிழில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன். கேஸ் பிரசன்டேஷனில் ஆங்கிலம் திக்கும், திட்டு வாங்குவான். எங்கள் வார்டில் காசநோய்க்காரர் ஒருவர், அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்து மலைக்காரர். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம், "மறந்துட்டேன் சார்" என்றார். 'அசட்டை' என்று முடிவு கட்டிவிட்டார்கள். இந்தப் பையன் ஒரு மத்தியானம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஆடு எத்தனை, சாமை எப்போது விதைப்பீர்கள் என்று அரை மணி நேரம். கடைசியில் அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த மாத்திரைய முழுங்கினா ரத்தமா ஒண்ணுக்குப் போகுது. ஒடம்புல இருக்கற ரத்தமெல்லாம் போயிட்டா நான் மலை ஏற முடியுமா?" என்றார்.

ரிஃபாம்பிசின் என்கிற காசநோய் மாத்திரையைச் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சுச் சிவப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முதல் நாளே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். நான் உட்பட யாரும் சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டோம். அதனால் ஒரு வேலை செய்யுங்கள்: மருந்தை விளக்கி முடித்ததும், 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள். 'வீட்டுக்குப் போனதும் எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்' என்று கேளுங்கள்.

பாஷை விஷயம் ஒன்று. இங்கே வருகிறவர்கள் எல்லாரும் தமிழர்கள் இல்லை. மேல்விஷாரம், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுகிறவர்கள் வருவார்கள், ஆந்திர எல்லையிலிருந்து தெலுங்குக்காரர்கள். வங்காளத்திலிருந்து ரயிலேறி வருகிறவர்களுக்காக ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருக்களில் லாட்ஜ் போர்டே வங்காளியில் இருக்கிறது. கூட வந்த சின்னப் பிள்ளையை மட்டும் மொழிபெயர்ப்புக்கு நிறுத்தாதீர்கள். அம்மாவின் கர்ப்பப்பைக் கட்டியைப் பற்றி எட்டு வயசுப் பெண் தன் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு ஆயாம்மாவையோ வாட்ச்மேனையோ தேடினால் அந்த பாஷை தெரிந்தவர் கட்டாயம் கிடைப்பார்.

என் அப்பா இறந்தது வேறொரு ஊர் ஆஸ்பத்திரியில். நான் நர்ஸ் என்று அங்கே யாருக்கும் தெரியாது. லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். இளம் டாக்டர் ஒருவர் வந்து, "சாரிம்மா, அவர் எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டார். அம்மா என் கையைப் பிடித்து, "எக்ஸ்பயருன்னா வேற வார்டும்மா? சாப்பாடு அங்க எடுத்துட்டுப் போலாமா?" என்று கேட்டார். கையில் தூக்குச்சட்டியில் ரசம் சாதம். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபத்தைந்து வயசு இருக்கும், கை நடுங்கியதைப் பார்த்தேன். 'இறந்துட்டார்' என்ற சொல் வாயில் வரவில்லை, இங்கிலீஷில் சொல்லித் தப்பித்துக்கொண்டார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். உட்கார வையுங்கள். தமிழில் சொல்லுங்கள். சொன்னதும் பேசாமல் நில்லுங்கள். அந்த ஒரு நிமிஷ மௌனம் தாங்காமல்தான் எல்லாரும் பி.பி. இறங்கியது, கிட்னி நின்றது என்று விளக்க ஆரம்பிக்கிறார்கள். யாரும் அதைக் கேட்பதில்லை.

அடுத்தவர்களைச் சொல்லிவிட்டேன், என்னையும் சொல்ல வேண்டும். லேபர் வார்டில் ஏழு வருஷம் இருந்தேன். அங்கே எங்கள் வாய் எப்படி என்று ஊருக்கே தெரியும். பத்தொன்பது வயசுப் பெண், தலைச்சன் பிரசவம், கத்திக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு ஒரே நேரத்தில் மூன்று பிரசவம். எரிச்சலில், "சொமக்கத் தெரிஞ்சுது, பெத்துக்கத் தெரியலையா? வாய மூடு" என்றேன். மூடிவிட்டாள். குழந்தை பிறந்தது. பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அவளைப் பார்த்திருக்க வேண்டும், அடுத்த கட்டிலில் இருந்தேன். திரும்பி வந்து போர்வையை விலக்கினால் விரிப்பெல்லாம் ரத்தம், மெத்தை வரை ஊறியிருந்தது. அவளுக்கு நினைவு இருந்தது, கண் திறந்துதான் இருந்தது. டாக்டர்கள் ஓடிவந்து, ரத்தம் ஏற்றி, காப்பாற்றிவிட்டார்கள். மறுநாள், "ஏம்மா கூப்பிடல?" என்று கேட்டேன்.

"நீங்க திட்டுவீங்கன்னு."

2017-இல் மத்திய அரசு 'லக்ஷ்யா' என்று திட்டம் கொண்டுவந்து, பிரசவ அறையில் மரியாதையாக நடத்த வேண்டும் என்று பயிற்சி கொடுத்தது. வகுப்பில் எல்லாரும் குறிப்பெடுத்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் நினைவில் இருந்தது.

சீக்கிரமே உங்களைக் கிராமத்துக்கு அனுப்புவார்கள். ஆளுக்குச் சில குடும்பங்களைத் 'தத்தெடுக்க' வேண்டுமாம். பேர் வைத்தவர்கள் கிராமத்தைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வெயிலில் வந்த பிள்ளைக்குக் கூழும் வேர்க்கடலையும் கொடுத்து உட்கார வைக்கப் போவது அவர்கள்தான். ஃபார்மை நிரப்பிவிட்டு ஓடி வராதீர்கள். தட்டில் வைத்ததைச் சாப்பிடுங்கள். இந்த ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே எப்படிப் பேசுவார்கள் என்று கேட்க உங்களுக்கு வேறு இடம் கிடைக்காது.

இதைப் படிக்கும் பேராசிரியர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு ஒன்றே ஒன்று. ரவுண்ட்ஸில் மாணவர் கேஸ் சொல்ல ஆரம்பிக்கும்போது, நோயாளியின் பேரையும் ஊரையும் தொழிலையும் முதலில் சொல்லச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஆங்கிலம் திக்குவதற்குத் திட்டுகிற நேரத்தை இதற்குத் திட்டலாம்.

இப்போது நானும் நோயாளிதான். சர்க்கரை வந்து ஆறு வருஷம், முட்டி வலியும் சேர்ந்துகொண்டது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஓ.பி.யில் சீட்டு எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். உங்களில் யாராவது நோய்க் கதை கேட்டு ஹிஸ்டரி எடுக்க வந்தால் சந்தோஷம். முட்டியில் ஆரம்பித்து, மருமகள் வரைக்கும் போய், பேரன் ஸ்கூல் ஃபீஸைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வருவேன். கால் பாதத்தில் ஒரு புண் இருக்கிறது, செருப்பு கடித்தது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். அது நடுவில் எங்காவது வரும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி,
காட்பாடி