புறக்கோட்டை ஏன் எங்கள் பாடத்தில் இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒருவர், வணிகப் பிரிவில் படிக்கிற பிள்ளைகள் வரைவிலக்கணங்களைப் பாடமாக்கி எழுதிவிட்டு வருகிறார்கள், வேலைக்கு எடுத்தால் ஒரு பற்றுச்சீட்டைக்கூட ஒழுங்காக வாசிக்கத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். கோபத்தோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். முடிக்கும்போது பாதிக்கு மேல் சரி என்றே பட்டது. நான் கொழும்பில் முகாமைத்துவம் இரண்டாம் வருடம் படிக்கிறேன், அவர் விட்ட மிச்சத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்ற தவணையில் ஒரு குழு ஒப்படை தந்தார்கள். ஏதாவது ஒரு வியாபாரம் தன் கையிருப்புச் சரக்கை எப்படிக் கையாளுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். எங்கள் பெரியப்பாவுக்குக் கொழும்பின் மொத்த வியாபாரச் சந்தையான புறக்கோட்டையில், நான்காம் குறுக்குத் தெருவில் மொத்தக் கடை, பருப்பு, கடலை, செத்தல் மிளகாய், பெரிய வெங்காயம். அதையே எடுப்போம் என்றேன். வெளியிட்ட தரவு இல்லை, மேற்கோள் காட்ட முடியாது என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் நாங்கள் ஐந்து பேரும் அமெரிக்காவிலுள்ள ஒரு கோப்பிக் கடைக் கம்பெனியைப் பற்றி முப்பது ஸ்லைட் செய்தோம், அந்தக் கோப்பியை எங்களில் ஒருத்தரும் குடித்துப் பார்த்ததில்லை. நல்ல புள்ளி கிடைத்தது. வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் இறங்கும் இடம் புறக்கோட்டை, அதுவும் சும்மா ஒரு தகவலுக்குச் சொல்கிறேன்.

2022இல் நான் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் டொலரின் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று ரூபாயை மிதக்க விட்டார்கள், அதுவரை 200 ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதமளவில் 360 வரை போனது. பெட்ரோல் இல்லை, பள்ளிக்கூடம் மூடல், டியூஷனும் இல்லை. கடையில் கணக்கு எழுதுகிற அண்ணாவும் வர வழியில்லாமல் நின்றுவிட்டதால் பெரியப்பா என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போய் கல்லாவுக்குப் பக்கத்தில் இருத்தினார். பொம்பிளைப் பிள்ளையை அந்தத் தெருவில் கொண்டுபோய் இருத்துவதா என்று வீட்டில் நடந்த சண்டை தனிக்கதை.

அப்போதுதான் 'முதல் உள் முதல் வெளி' முறை, அதாவது முதலில் வாங்கிய சரக்கே முதலில் விற்றது என்று வைத்து அதன் பழைய விலையில் கணக்குப் போடுவது, படித்து முடித்திருந்தேன். அந்த உற்சாகத்தில் பழைய மூட்டைக்குக் கணக்குப் போட்டேன். 12,000 ரூபாய்க்கு வாங்கிய பருப்பு மூட்டை 13,000க்குப் போயிருக்கிறது, ஆகவே மூட்டைக்கு ஆயிரம் லாபம் என்றேன். பெரியப்பா சிரிக்கக்கூட இல்லை. "பிள்ளை, அந்தப் பதின்மூவாயிரத்தைக் கொண்டுபோய் அதே மூட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வா பாப்பம்" என்றார். அன்றைக்கு இறக்குமதிக்காரர் சொன்ன விலை 20,000. புத்தகத்தின்படி ஆயிரம் லாபம், கடையின்படி அடுத்த மூட்டைக்கு ஏழாயிரம் கையால் போட வேண்டும், இப்படியே 'லாபம்' சம்பாதித்துக்கொண்டு போனால் ஆறு மாதத்தில் கடையில் மூட்டையே இருக்காது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பிறகு கம்பஸில் 'பதிலீட்டுச் செலவு', அதாவது விற்ற சரக்கைத் திரும்ப வாங்க ஆகிற செலவு, என்ற சொல் பலகையில் எழுதப்பட்டு அரை நிமிடத்தில் அழிக்கப்பட்டபோது எனக்கு மட்டும் அது பருப்பு மணத்தது.

அதற்காகப் பெரியப்பா செய்ததெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பழைய மூட்டையையும் புது விலைக்கே விற்றார். பழைய சரக்குக்குப் புது விலை வைக்கிற கொள்ளைக்காரர்கள் என்று கியூவில் நின்றவர்கள் திட்டினார்கள், எங்கள் அம்மாவும் அதையேதான் சொன்னா. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வியாபார ஒழுக்கவியல் என்று ஒரு பாடம் எடுக்கிறார்களே, அங்கே இதைவிட நல்ல விவாதம் வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று, ஐயக்கடன், திரும்பி வருமா என்று சந்தேகமான கடன். பரீட்சைத் தாளில் கடன்பட்டோரில் ஐந்து வீதம் ஏற்பாடு செய்க, அதாவது வராமல் போகலாம் என்று ஒதுக்குக, என்று ஒரு வரி வரும், நாங்களும் பெருக்கிப் போட்டுவிட்டுப் போவோம். அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. பெரியப்பா வெளியூர்க் கடைகளுக்கு 45 நாள் பின்திகதியிட்ட செக்குக்குச் சரக்கு அனுப்புகிறவர். அவருடைய கணக்கு வேறு. "இரண்டு நாள் பொறுங்கோ, பிறகு செக்கைப் போடுங்கோ" என்று தானாகவே போன் எடுக்கிற ஹட்டன் கடைக்காரர் நல்ல கடன்காரர். போனைத் தூக்காதவர் சந்தேகம். ஆனால் அவர் உண்மையில் பயப்படுவது, வழமையாகப் பத்து மூட்டை எடுக்கிறவர் திடீரென்று முப்பது மூட்டை கடனுக்குக் கேட்டால். வியாபாரம் வளர்ந்துவிட்டது என்று நான் நினைத்தேன். வேறு இடத்தில் அவருக்குக் கடன் மூடிவிட்டார்கள் என்று பெரியப்பா நினைத்தார். அவர் நினைத்ததுதான் சரியாக இருந்தது, செக் இரண்டு தரம் திரும்பியது.

சரி, புத்தகம் ஒன்றுக்கும் உதவாது என்று நான் சொன்னால் அதுவும் பொய். உரிமையாளர் வேறு, வியாபாரம் வேறு என்பது முதல் மாதமே படிப்பிக்கிற விஷயம். அக்காவின் கலியாணத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்த காசைப் பெரியப்பா எங்கேயும் பதியவில்லை, வீட்டு கரண்ட் பில்லும் கடைச் செலவில்தான். பிறகு வங்கியில் கடன் கேட்டபோது மூன்று வருடக் கணக்கைக் காட்டச் சொன்னார்கள், காட்ட ஒன்றுமில்லை. முப்பது வருட வியாபாரம், ஒரு கோப்பில்லை. அந்த இடத்தில் என்னைப் போல ஒருத்தி பிரயோசனப்பட்டிருப்பாள்.

இந்தத் தெருக்களுக்குக் கணக்கு புதிதும் இல்லை. சொத்தையும் கடனையும் காட்டுகிற கணக்கை நாங்கள் இப்போது 'நிதிநிலைமைக் கூற்று' என்று எழுதுவதற்கு முன்பு 'ஐந்தொகை' என்றார்கள், அது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கணக்கில் புழங்கிய சொல். புறக்கோட்டைச் செட்டியார் தெருவில் அவர்கள் கடன் கொடுத்து வாங்கிய காலத்தில் பிரித்தானிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கு நேரடியாகக் காசு கொடுக்காமல் அவர்கள் ஊடாகத்தான் கொடுத்தன. 1925இல் ஏற்பட்ட நெருக்கடியோடு அதையும் சுருக்கிக்கொண்டன. அதன்பின் 1934இல் ஒரு வங்கி ஆணைக்குழு, 1939இல் இலங்கை வங்கி. நிதி முகாமைத்துவம் படிக்கிற எனக்கு இதை வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை, நானாகத் தேடிப் படித்தேன். தமிழில் உயர்தரம் எழுதிவிட்டு வந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் திரும்பப் பாடமாக்குகிற அவசரத்தில் எங்களுக்குக் கேட்கத் தோன்றுவதும் இல்லை.

ஆகவே இரண்டு விஷயம் கேட்கிறேன். உங்கள் வர்த்தகப் பக்கத்தில் வங்கிக் கிளை திறப்பு, விருது வாங்குகிற படம், இவைதான் அதிகம் வருகின்றன. மாதத்துக்கு ஒரு தரமாவது புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு கடையின் உண்மையான கதையைப் போடுங்கள், பெயர் வேண்டாம், இலக்கங்கள் இருந்தால் போதும். வெளியிட்ட தரவு இல்லை என்று எங்களைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு மேற்கோள் காட்டவாவது ஒன்று கிடைக்கும். மற்றது, இதை வாசிக்கிற முதலாளிமாரிடம். ஒப்படைக்காக இரண்டு மாணவர்கள் வாசலில் வந்து நின்றால் வருமான வரிக்காரர் என்று நினைத்து விரட்டாதீர்கள். பெரியப்பாவிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம். மார்ச் 31க்குக் கையிருப்பு எண்ணும்போது வாருங்கள், மூட்டை தூக்குகிற நாட்டாமிமாரோடு சேர்ந்து மூட்டை எண்ணவும் வேண்டும், சாப்பாடு கடைக் கணக்கில் என்கிறார். அதைப் பதிவேன்.

இப்படிக்கு,
முகாமைத்துவ மாணவி ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06